மூடித் தண்ணி

"எதால கழுவுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாஞ்சாலி அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவின் கடைசி அறை அது. பச்சைத் திரைக்குப் பின்னால் உயரமான ஒரு கட்டில், கால்மாட்டில் கழுத்து வளைந்த ஒரு விளக்கு. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து முப்பத்தாறு. சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் வந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி காத்திருந்தார். அக்கா பார்த்த அந்த நேரத்தில் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்குக் கண்ணாடி வேண்டியதில்லை. அவள் மறுபடி டாக்டர் பக்கம் திரும்பி, "வெறும் தண்ணிதான் மேடம்" என்றாள். "நல்லது, அது போதும்" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர்.

அது வெறும் தண்ணீர் இல்லை. மூடித் தண்ணி. எங்கள் தெருவைத் தாண்டி அந்தப் பெயரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏனென்றால் அதைக் கண்டுபிடித்தவள் நான்.

ஒலக்கூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். கொரோனா வந்த வருஷம், பிளஸ் டூ முடித்தவள் என்கிற ஒரே தகுதிக்காக என்னைச் சுகாதாரத் தன்னார்வலராகச் சேர்த்தார்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை வீடு வீடாகக் கொடுக்க வேண்டும், கை கழுவக் கற்றுத்தர வேண்டும். கிருமி என்ற சொல்லை அந்த வருஷம் நான் சொன்ன அளவுக்கு என் புருஷன் பேரைக்கூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் கிழவிகள்கூட எழுந்து நின்றார்கள். என் மாமியாரே என்னிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் கொஞ்சம் கனம் ஏறிவிட்டது, அதை இன்றைக்கு ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் ஒருநாள் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்த இடத்தில் பாஞ்சாலி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அக்கா எனக்கு எதிர்வீடு, என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் எனக்குக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். செடியை உதறிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"வெள்ள படுது மலரு. அரிப்பு வேற. அவரு வந்திருந்தப்ப கவிச்சி அடிக்குதுன்னுட்டாரு."

அவர் என்பது அவள் புருஷன் விருத்தாசலம். அறுப்பு மெஷின் டிரைவர். பருவத்துக்குப் பருவம் தஞ்சாவூர், திருவாரூர் என்று மெஷினோடு போனால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். கெட்ட மனிதர் இல்லை, கை நீட்ட மாட்டார், குடித்துவிட்டுத் தெருவில் விழ மாட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருத்தியை அந்த வார்த்தை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டுகிற இடத்துக்குத்தான் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்வோம்.

ஆஸ்பத்திரிக்குப் போ அக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். பை மாட்டியவளுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? கை கழுவக் காட்டுவதற்காக என் பையிலேயே ஒரு கிருமிநாசினி பாட்டில் இருந்தது, தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்குமே, அது. கையில் இருக்கிற கிருமி சாகும் என்றால் அங்கே இருக்கிற கிருமியும் சாகத்தானே வேண்டும் என்று என் அறிவு கணக்குப் போட்டது.

"ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு மூடி மருந்துக்கா. மேலாப்புல கழுவுனா பத்தாது. உள்ள வரைக்கும் உட்டு அலசணும்" என்றேன். பத்து வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸ் போலக் கையை வேறு ஆட்டிக் காட்டினேன்.

நாலே நாளில் நாற்றம் போய்விட்டது என்று அக்கா வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அவள் தன் ஓரகத்தியிடம் சொன்னாள், ஓரகத்தி தன் தங்கையிடம் சொன்னாள். ஆறு மாதத்தில் முப்பது பேர். குழாயடியில் "இன்னாடி, மூடித் தண்ணி ஊத்திக்கினியா, மெனுக்கா இருக்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. இதற்கிடையில், ஆரம்பித்து இரண்டே வாரத்தில் அக்காவுக்கு நாற்றம் திரும்பி வந்தபோது, முன்னைவிட அதிகமாக வந்தபோது, "ரெண்டு மூடியா ஊத்துக்கா" என்றேன். அதற்கப்புறம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நானும் ஒரு மாதம் ஊற்றிப் பார்த்தேன். எரிச்சல் தாங்கவில்லை, விட்டுவிட்டேன். விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே மோசமான காரியம் எது என்று கேட்டால், சொல்லிக்கொடுத்ததைவிட அதைத்தான் சொல்வேன்.

இந்த வருஷம் ஆடி மாதம் சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஆள் சேர்க்கிற வேலை என்னுடையது. வெட்கப்பட்டவர்களையும் சிடுசிடுத்தவர்களையும் கையைப் பிடித்து இழுத்துப் போனேன், முதலில் உட்கார்ந்தவள் பாஞ்சாலி அக்கா. மூன்று வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. அவளுக்கு மட்டும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறது, முண்டியம்பாக்கத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் போய்ச் சொன்னபோது அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"வைரஸ்னா கொரோனாவா?"

"இல்லக்கா. இது வேற."

"அந்த எடத்துலியா?" என்று கேட்டாள். "மாஸ்க்க எங்கடி போடறது?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன். சல்லடை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பயப்படவே இல்லை.

முண்டியம்பாக்கத்தில் அந்தக் கேள்விக்கு அப்புறம் டாக்டரம்மா அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், விளக்கைப் போட்டு, ஏதோ திரவம் தடவிப் பார்த்து, சின்னதாகச் சதை எடுத்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் திரையின் ஓரத்தில் தெரிந்தன. முடிந்ததும், "ரெண்டு வாரத்துக்கு, உள்ள எதையும் வைக்காதீங்க. வீட்டுக்காரரோட சேர வேணாம். காய்ச்சல், ரத்தப்போக்கு இருந்தா உடனே வாங்க" என்றார் டாக்டர். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு மாத்திரை வாங்க வெளியே போனாள். நான் மட்டும் வாசலில் தங்கினேன்.

"மேடம், ஊர்ல சில பொம்பளைங்க கிருமிநாசினி ஊத்திக் கழுவுறாங்க. அதனால இது வருமா?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் போட்டிருந்த அடையாள அட்டையையும் பார்த்தார். அவர் சொன்னதை இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வேன். இந்த வைரஸ் சேர்க்கையில் வருவது, கல்யாணமான பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை வந்துபோகும். உடம்பே அதை ஒன்றிரண்டு வருஷத்தில் விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். தங்கினால்தான் ஆபத்து. அந்த இடத்தில் நல்ல கிருமிகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, பாலைத் தயிராக்குகிற கிருமியின் சாதி. அவைதான் அந்த இடத்தைப் புளிப்பாக வைத்துக்கொண்டு மற்றதை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். கண்டதை ஊற்றிக் கழுவினால் முதலில் சாவது அவைதான். அவை போன இடத்தில் வேறு கிருமிகள் வந்து குடியேறும், நாற்றமும் அதனால்தான் வரும். அப்படிப்பட்ட பெண்களிடம் இந்த வைரஸ் தங்கிவிடுவது அதிகமாக இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

"அப்போ கழுவுனதாலதான் வந்துதா மேடம்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஒருத்தருக்கு ஏன் போச்சு, இன்னொருத்தருக்கு ஏன் தங்கிச்சுன்னு யாராலயும் முழுசா சொல்ல முடியல. அதனாலதான்னும் சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது." அடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே, "யாரு இதெல்லாம் சொல்லிக் குடுக்குறாங்கன்னுதான் தெரியல. நீங்க போய்ச் சொல்லுங்க, உங்க பேச்சக் கேப்பாங்க" என்றார்.

என் பேச்சைக் கேட்பார்கள். அதுதானே பிரச்சினை. பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டி தாண்டும்வரை சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் இரண்டு மூன்று தடவை என் பக்கம் திரும்பி, நான் ஏதாவது சொல்லப்போகிறேனா என்பதுபோலப் பார்த்தாள். நான் செல்போனை எடுத்து நோண்டினேன். கூட்டேரிப்பட்டு வந்ததும், முடிவு வரட்டும், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசாட்சி என்பது ஒன்றும் பெரிய அதிகாரி இல்லை. நம் வசதிக்கு வளைந்து கொடுக்கிற சாதாரண கிளார்க்குதான்.

ஆனால் மறுநாளே மற்ற வீடுகளுக்குக் கிளம்பினேன். இனிமேல் மூடித் தண்ணி வேண்டாம், வெறும் தண்ணீர், அதுவும் மேலோடு, உள்ளே விடவே கூடாது, நாற்றமோ அரிப்போ இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். கிருஷ்ணவேணி அத்தை மூக்கில் விரல் வைத்தாள். "நீதானடி ஊத்தச் சொன்ன. இப்ப நீயே வேணாங்கிற. நாளிக்கு வந்து இன்னா சொல்லுவ?" என்றாள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி, "நல்ல கிருமியாம், கெட்ட கிருமியாம், பேஜாரா போச்சு உன்னோட" என்று சிரித்தாள். திட்டு வாங்க வாங்க எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. எட்டே நாளில் இருபத்தொன்பது வீடும் முடித்துவிட்டேன். என் எதிர்வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மாத்திரை கொடுக்கப் போனால்கூட வாசலோடு கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது அக்கா, ஜல்தியாப் போவணும் என்று ஓடிவந்தேன். மற்றவர்களிடம் சொன்னால் அது செய்தி. அவளிடம் சொன்னால் அது வேறு.

பதினோராம் நாள் போன் வந்தது. வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு உடனே வரச் சொன்னார்கள். விருத்தாசலம் கும்பகோணம் பக்கம் இருந்தார், மெஷினை விட்டுவிட்டு வர இரண்டு நாளாகும் என்றார். "மலரு கூடப் போய்க்கினு வா, அதுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று போனில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மறுநாள் காலை போனோம். பஸ்ஸில் உட்காரும்போது அக்கா ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன், நாலு நாளாக என்றாள்.

டாக்டரம்மா முதலில் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. வெளியே வந்து கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முடிவைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். கேன்சர்தான். ஆரம்பம் போலத்தான் தெரிகிறது. பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். அடுத்த வாரமே செய்திருக்கலாம். ஆனால் சதை எடுத்த இடமும் சுற்றியுள்ள இடமும் வெந்து, சீழ் பிடித்திருக்கிறது. அது ஆறாமல் கத்தி வைக்க முடியாது. ஐந்து நாள் இங்கே ஊசி போட வேண்டும், அப்புறம் மூன்று வாரமாவது தள்ளும்.

"என்னம்மா ஊத்துனீங்க?"

அக்கா இந்தத் தடவை என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து இறங்கியவள், சேலை முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணிதான் மேடம்" என்றாள்.

"வெறும் தண்ணியில இப்படி வேகாதும்மா."

"நான்தான் மேடம்" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "கிருமிநாசினி. நான்தான் சொல்லிக் குடுத்தேன், நாலஞ்சு வருஷமாச்சு. அன்னிக்கு நீங்க எங்கிட்ட சொன்னதை நான் இவங்ககிட்ட சொல்லல."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அட்டையைப் பிடுங்கிக்கொண்டால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சீட்டில் ஏதோ எழுதினார். பிறகு அக்காவிடம், "இந்தப் பத்துப் பன்னண்டு நாள்ல நோய் வந்துடலம்மா. அது முன்னாடியே இருந்திருக்கு. புண்ணு மட்டும்தான் இதால" என்று சொன்னார். அந்த நாலைந்து வருஷத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

படுக்கை மறுநாள் காலையில்தான் கிடைக்கும் என்றார்கள். அன்றைக்கு ஊசி போட்டு, துணிமணியோடு விடிந்ததும் வரச் சொல்லி அனுப்பினார்கள். ரோட்டோரம் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மன்னிச்சிடு அக்கா என்று ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

"வைக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க. ஊத்தக் கூடாதுன்னு சொல்லலியே. ரத்தம் கசிஞ்சிக்கினே இருந்துது, கிருமி வேற இருக்குதுன்னுட்டாங்க. அதான் மூணு மூடியா ஊத்துனேன்."

"அக்கா..."

"மொத நாளு அவங்க எதால கழுவுறன்னு கேட்டப்பவே ஒம் மொகத்தப் பாத்தேன். இன்னாவோ தப்புன்னு தெரிஞ்சிது. உன் வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதேன்னு தண்ணின்னு சொன்னேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "கெட்டதா இருந்தா பஸ்ல வரும்போதே சொல்லிடுவன்னு பாத்துக்கினே வந்தேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, மலரே சொல்லலன்னா ஒண்ணும் இருக்காதுன்னு ஊத்திக்கினேன்."

எனக்கு அழுகை வந்தது. அங்கேயே நின்று அழுதேன், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நோய் வந்தவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, கூட வந்தவள் அழுகிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். அக்கா நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"கிருஷ்ணவேணி அத்த சொல்லிச்சு, அவங்க வூட்டாண்ட வந்து வேணாம்னு சொன்னியாமே. கெழவி ஏதோ ஒளருதுன்னு நான் உட்டுட்டேன்" என்றாள். "மொத்தம் எத்தினி பேருகிட்ட சொன்ன?"

"இருபத்தொம்போது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கேட்டதைச் சரிபார்த்துக்கொள்கிறவள் போல மெதுவாக, "அப்ப நான் முப்பதா" என்றாள்.

பஸ் வந்து நின்றது. அவள் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, வலியை முகத்தில் காட்டாமல் ஏறினாள். நான் முழங்கையைப் பிடிக்கப் போனேன், அதற்குள் ஏறிவிட்டாள். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்திருந்த பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். மடியில் வைக்க முடியாததால் வைத்தாளா, அதற்காகவே வைத்தாளா, எனக்குத் தெரியவில்லை. நான் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் கிளம்பியது. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

"எங்கம்மா?"

"திண்டிவனம்."

"எத்தன பேரு?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சவுக்குத் தோப்பு ஒன்று ஓடி மறைந்தது, அதற்குப் பின்னால் ஒரு செங்கல் சூளை. கண்டக்டர் டிக்கெட் மெஷினில் விரலை வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தார்.

"ஒண்ணா, ரெண்டாம்மா?"

நானும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.